கிட்டங்கிப் படம்

ஆரியசாலையில் எங்கள் தெருவை இடிக்கப் போகிறார்கள் என்று உறுதியானதும் வியாபாரிகள் சங்கத்துக்குத் திடீரென்று சரித்திர ஞானம் பிறந்துவிட்டது. அடைத்துக்கொண்ட ஓடையைக் குத்திவிட ஆள் பிடிப்பதற்குக்கூட ஒருநாளும் ஒன்றுகூடாதவர்கள், அன்று ஃபேன் ஓடாத மாடி அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தெருவின் பழைய படங்களையெல்லாம் திரட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வண்டிகள் நிறுத்துவதற்காக இங்கே எழும்பப் போகிற கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் நமக்கு ஒரு சுவர் தருவார்களாம். அதில் படங்களை மாட்டுவோமாம். தெருவை எடுத்துக்கொண்டு சுவரைத் தருகிறார்கள். அதற்குக் கை வேறு தட்டினார்கள்.

“லிங்கம் சேட்டன் நோக்கிக்கோளும். சேட்டனுக்குத் தெரியாத வீடு இவிட ஏது?” என்றார் செயலாளர் ஸ்ரீகண்டன். அவர் பெயிண்ட் கடைக்காரர். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று குதர்க்கம் பேசுகிறவன் நான். என் தலையில் ஒரு வேலையைக் கட்டினால் வாய் அடைபடும் என்று அவருக்கு நினைப்பு. இந்தச் சாக்குக் கடை குற்றாலலிங்கம் மறுபேச்சில்லாமல் சரி என்றதும் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என் காரணம் எனக்கு. தெருவின் சரித்திரம் யாருக்கு வேண்டும்? எனக்கு என் அம்மாவின் முகம் வேண்டும்.

அம்மா வடிவம்மாள், நான் தவழ்கிற பருவத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. மற்ற வீடுகளில் செத்தவர்களெல்லாம் மாலையும் பொட்டுமாகச் சுவரில் வரிசையாக இருப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் மட்டும் தொங்கும். சின்ன வயதில் அப்பாவைக் கேட்டுக் கேட்டு அரித்திருக்கிறேன். அப்பா பேச்சிமுத்து, பிச்சைக்கனி முதலாளியின் பலசரக்குக் கோடவுனில், எங்கள் பேச்சில் கிட்டங்கியில், மூட்டை சுமந்தவர். அம்மாவும் அங்கேதான் சுளகு பிடித்துப் பருப்பு புடைத்தாள். “கிட்டங்கியில ஆயுத பூஜைக்கு எடுத்த படம் ஒண்ணு கெடக்குல்லா, அதுல உங்கம்மா நிக்கா. எடது பக்கம் கடைசில, பொம்பளையளோட” என்பார் அப்பா. அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

போய்ப் பார்க்கலாம் என்றால் கிட்டங்கியில் பூட்டு. முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் பாகம் பிரிப்பதில் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். அப்போது நான் விவரம் தெரியாத சிறுவன். வழக்கும் முடியவில்லை, பூட்டும் திறக்கவில்லை. மகன்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்ப் பணக்காரர்களாகி, பிறகு கிழவர்களும் ஆனார்கள். நான் அந்தக் கதவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன், கடைக்குப் போனேன், கல்யாணம் முடிந்து சுஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே அம்மா நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாமல் ஒருநாளாவது தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம். இப்போது இடிப்பதற்காக அந்தக் கதவைத் திறந்தாகவேண்டும். சங்கத்து வேலையை ஏற்றுக்கொண்டால் முதலில் உள்ளே போகிறவன் நான்.

அதுவரை சும்மா இருக்க முடியாதே என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். படம் என்றதும் எல்லாரும் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் மாப்பிள்ளை இருந்தார், பெண் இருந்தாள், கோவளம் கடற்கரை இருந்தது, தெரு இல்லை. இங்கேயே பிறந்து இங்கேயே வியாபாரம் பண்ணிச் செத்தவர்கள், படம் எடுக்க மட்டும் தெருவைவிட்டு ஓடியிருக்கிறார்கள். வெற்றிலை வியாபாரி தாணுமாலையன் தன் முதல் காரின் படத்தைக் கொடுத்து, “இதுவும் சரித்திரம்தாம்லா” என்றார். காருக்குப் பின்னால் எங்கள் ஓடை கொஞ்சம் தெரிந்ததால் வாங்கிக்கொண்டேன்.

கிட்டங்கியைத் திறந்த அன்று நல்ல மழை. சாவி யாரிடமும் இல்லாததால் பூட்டை அறுத்தார்கள். உள்ளே எலிப்புழுக்கை நாற்றம். அதற்குள்ளும் பழைய கொத்தமல்லியின் வாசனை கொஞ்சம் இருந்தது. முதலாளியின் மேஜைக்குப் பின்னால், ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது படம். இறக்கி வைத்துத் தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து முடித்தும், பார்ப்பது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

முன்வரிசையில் முதலாளியும் தம்பிகளும் கணக்குப்பிள்ளைகளும் நாற்காலிகளில் முழு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களில் பலருக்குத் தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஓட்டை. ஓட்டை வழியாகப் பின்பக்கம் ஒட்டிய கறுப்புக் காகிதம் தெரிந்தது.

“அய்யே, இது ஆரு செய்த பணி? எலியா?” என்றார் ஸ்ரீகண்டன்.

எலி இவ்வளவு வட்டமாகக் கடிக்காது. இது எங்கள் ஆட்களின் வேலை. அந்தக் காலத்தில் கூலிக்காரன் தனக்கென்று ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார மாட்டான். செத்தபிறகுதான் அவனுக்குப் படம் தேவைப்படும். பதினாறாம் நாள் மாலை போட ஒரு முகம் வேண்டுமே! வீட்டார் வந்து முதலாளியிடம் தலையைச் சொறிவார்கள். அவர் நல்ல மனுஷன், படத்தை இறக்கிக் கொடுப்பார். முழுப் படத்தையும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால் அவன் வேறு யார் தலையையாவது பெரிதாக்கிவிடுவான் என்று பயம். ஆகவே சவர பிளேடால் தங்கள் ஆளின் தலையை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு போவார்கள். மிச்சப் படம் திரும்ப ஆணிக்கு வந்துவிடும். பூட்டு விழுகிறவரை இப்படியே நடந்திருக்கிறது. அந்தப் படத்தில் முகத்தோடு நிற்கும் கூலிக்காரர்கள் அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள், இல்லையென்றால் கேட்பாரற்றவர்கள். அப்பா, கடைசி வரிசையில், என்னைவிட எவ்வளவோ இளையவராக, முகத்தோடு நின்றார்.

இடது ஓரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. சற்று நேரம் முதலாளியின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தேன்.

மூன்று பெண்கள். ஓரத்தில் நின்றவளுக்குத் தலை இல்லை. நடுவில் நின்றவளுக்கும் இல்லை. அவள் இரண்டு கையையும் தொங்கவிட்டு விறைப்பாக நின்றாள். கொசுவம் ஒவ்வொரு மடிப்பாக எண்ணி வைத்ததுபோல் விழுந்திருந்தது. மூன்றாமவளுக்கு முகம் இருந்தது. இடுப்பில் ஒரு பிள்ளையும் இருந்தது. பிள்ளை காமிராவைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அடங்காத பிள்ளை என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. பிள்ளை நான்தானே. பிள்ளையை வைத்திருப்பவள் அம்மா. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மாலை போட்ட படம் கிடையாது. ஆகவே அம்மாவின் தலையை யாரும் அறுக்கவில்லை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“அம்மா” என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்ரீகண்டன் சட்டென்று திரும்பி வாசல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனைப் பற்றி நான் இதுவரை பேசிய நக்கலையெல்லாம் அந்த ஒரு காரியத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அன்றே சாலைக் கடைவீதியில் ஃபிளெக்ஸ் அடிக்கிற அகிலிடம் போனேன். அந்த முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கீறல்களையெல்லாம் எடுத்துவிட்டான். பிறகு மானிட்டரை உற்றுப் பார்த்து, “சேட்டா, நெற்றியில பொட்டு ஒண்ணும் காணுன்னில்லல்லோ” என்றான்.

“பழைய படம்லா, மங்கிப் போயிருக்கும். புருஷன் இருக்கவ பொட்டு வைக்காம நிப்பாளா? நீ வைடே” என்று அதட்டினேன். அவன் அளவாக ஒரு வட்டப் பொட்டு வைத்தான். அம்மாவின் முகம் அதோடு நிறைந்துவிட்டது.

காலண்டரைக் கழற்றிவிட்டு அம்மாவை மாட்டினேன். கிழக்கேகோட்டையிலிருந்து பிச்சிப்பூ மாலை வாங்கி வந்து போட்டேன். “மூக்கு அப்படியே ஒங்க மூக்கு. கோவமும் இவங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கும்” என்றாள் சுஜா. காலையில் கடைக்குக் கிளம்பும்போது படத்தின் முன் நின்று, போயிட்டு வாரேம்மா என்பேன். நரைத்த தலையோடு ஒருவன் இப்படிச் சொல்வது வேடிக்கையாக இருக்கும். இருக்கட்டும். அந்தச் சில நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குமுன் அப்படி இருந்ததில்லை.

சந்தோஷம் வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். நான் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். ‘என் அம்மா வடிவம்மாள், பிச்சைக்கனி முதலாளி கிட்டங்கித் தொழிலாளி’ என்று கீழே எழுதினேன். தாணுமாலையன் முதற்கொண்டு எல்லாரும் கை கூப்பினார்கள். யாரோ அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அது பாறசாலை வரை போய்விட்டது.

ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் ரெனி என்றாள்.

“அங்கிள், தப்பா நினைக்கண்டாம். நீங்க போட்ட படம் எங்க அம்மாச்சியாக்கும். எலிசாள். அவங்க சின்ன வயசுல சாலையில பருப்பு புடைக்கப் போயிருந்தாங்க.”

“அது எங்கம்மா” என்றேன். “செத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆவுது.”

“அம்மாச்சி மரிக்கல்ல அங்கிள். இப்பக் கஞ்சி குடிச்சிட்டு இருக்காங்க. பின்னே, நாங்க சர்ச்சுக்குப் போற ஆளுங்க. அம்மாச்சி ஜீவிதத்துல பொட்டு வச்சதில்ல. அது ஆரு வச்சது?”

போனை வைத்துவிட்டேன். கண்டவளெல்லாம் என் அம்மாவுக்குச் சொந்தம் கொண்டாடுகிறாள் என்று சுஜாவிடம் கத்தினேன். அவள் சுவரையே பார்த்தாள். பொட்டை எடுத்துவிட்டு அந்த முகத்தைப் பார்க்க முயல்கிறாள் என்று தெரிந்தது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் கிட்டங்கிப் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பாறசாலைக்குப் பஸ் ஏறினேன்.

எலிசாள் ஜன்னல் ஓரக் கட்டிலில், வெள்ளைச் சட்டையும் முண்டுமாக உட்கார்ந்திருந்தாள். எண்பது இருக்கும். ரெனி என்னை யாரென்று காதருகே சத்தமாகச் சொன்னதும், கிழவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எனக்கு மாலை போட்டியாமே மக்களே! எனக்கப் பிள்ளையளு நாளைக்குச் செய்ய வேண்டியத நீ இன்னைக்கே செய்துட்டியே!”

அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படத்திலிருந்த அதே வாய்தான். இருந்தாலும் போர்வையைப் பிரித்துப் படத்தை அவள் மடியில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். முகமுள்ளவர்களைத் தாண்டி, ஓட்டைகளைத் தடவித் தடவிப் பெயர் சொன்னாள். நடுவில் நின்றவளிடம் வந்ததும் அவள் விரல் நின்றது.

“இவளாக்கும் உனக்க அம்மை. வடிவு.”

“பிள்ளை உங்க இடுப்புல இருக்கே?”

“பூசைக்கு மொதலாளி எல்லாருக்கும் புதுச் சீலை தந்தாரு. இவ ராத்திரியே கஞ்சி போட்டு, மடிச்சுத் தலைக்கு வச்சிப் படுத்தாளாம். படம் எடுக்கப் போவும்போ, எக்கா, இவன் இடுப்புல இருந்தா கொசுவம் தெரியாது, கொஞ்சம் பிடியேன்னு எங்கிட்டத் தந்தா.” எலிசாள் பிள்ளையின் முகத்தைத் தொட்டாள். “இது நீயாக்கும்.”

“தலையை யாரு அறுத்தா?” என்றேன்.

“வேற ஆரு, உனக்க அப்பன்தான். பதினாறுக்குப் பெருசாக்கிச் சுவரில வச்சான். நீ அதுக்குக் கீழயே கெடந்து அழுது கரைவ. பாலு குடிக்க மாட்ட, ஒருத்தருகிட்டயும் வர மாட்ட. படத்தப் பாத்துக் கைய நீட்டிட்டே கெடப்ப. பிள்ளை செத்துப் போவும், அத எடுத்து மாத்துடான்னு உனக்க அத்தை சொன்னா. அவன் திருவல்லத்துல அவளுக்குத் திதி குடுத்துப் பலியிட்ட அன்னைக்கு ஆத்துல கொண்டு விட்டுட்டான். அறுத்தெடுத்த சின்ன தலையும் அதுக்க பின்னாலதான் ஒட்டியிருந்துச்சு. எல்லாம் போச்சு.”

அப்பா என்னிடம் பொய் சொல்லவில்லை. அம்மா படத்தில் நிற்கத்தான் செய்கிறாள். நான் கேட்டு அரிக்கும்போதெல்லாம், பூட்டிய கதவை நம்பி, அவர் அதைமட்டும் சொல்லியிருக்கிறார்.

“அம்மா முகம் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அப்பாவும் போனபிறகு, அம்மாவைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது இந்தக் கிழவி ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நல்ல முகமாக்கும் மக்களே.”

“கண்ணு எப்படி? பெரிய கண்ணா? மூக்கு என்னுதுபோலவா? சொல்லுங்க பாட்டி.”

எலிசாள் கண்ணை மூடினாள். வெளியே ஒரு பஸ் போயிற்று. கிழவியின் உதடுகள் அசைந்தன, நெற்றி சுருங்கியது. பிறகு மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

“சீலை வருது மக்களே. பச்சைச் சீலை, மாம்பழக் கரை. அவ நிக்கது வருது, சுளகு பிடிக்க கை வருது. முகம் வரல்ல. தெய்வமே, எனக்கு வடிவுக்க முகம் வரல்லியே.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து மாலையை எடுத்தேன். பொட்டில்லாமல் அந்த முகத்தை அகிலிடம் மறுபடி அடித்து வாங்கி, பாறசாலைக்கு அனுப்பிவைத்தேன். எலிசாளுக்கு அது ஒருநாள் தேவைப்படும். கிட்டங்கிப் படத்தை அந்த ஆணியில் மாட்டினேன். “இதுக்கு மாலை போடலாமா?” என்று சுஜா கேட்டாள். எங்கே போடுவது? வேண்டாம் என்றேன்.

மழைக்காலம் முடியும் முன்பே தெருவை இடித்துவிட்டார்கள். எங்களுக்குப் பேசியிருந்த சுவர் புதிய பிளானில் இல்லை என்று ஸ்ரீகண்டன் சொன்னார்; அந்த இடத்தில் லிஃப்ட் வருகிறதாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. திரட்டிய படங்களெல்லாம் என் போனில் கிடக்கின்றன, தாணுமாலையனின் கார் உட்பட. வீட்டையும் கடையையும் கரமனைப் பக்கம் மாற்றிவிட்டேன். அங்கே சாக்கு வாங்க வருகிறவர்களுக்கு என்னைத் தெரியாது.

காலையில் கிளம்பும்போது இப்போதும் படத்தின் முன் நிற்கிறேன். எதுவும் சொல்வதில்லை. முகமுள்ளவர்கள் எல்லாரும் காமிராவைப் பார்க்கிறார்கள். எலிசாளின் இடுப்பில் இருக்கும் பிள்ளை மட்டும் கழுத்தைத் திருப்பிப் பக்கத்தில் நிற்கிறவளை அண்ணாந்து பார்க்கிறது. ஓட்டையைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அங்கே அவள் முகம் இருந்தது. அவள் கண்ணைச் சிமிட்டினாளோ, நாக்கை நீட்டினாளோ, பிள்ளை வாய் கொள்ளாமல் சிரிக்கிறது. எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.